திறக்காத படிவத்திலிருந்து தொடங்கிய சீர்திருத்தம்: மரீனா நிட்ஸே பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் நலத்துறையில் 2013 முதல் 2017 தொடக்கம் வரை தலைமைத் தொழில்நுட்ப அதிகாரியாக இருந்தவர் மரீனா நிட்ஸே. ‘அரசு அலுவலகம் அப்படித்தான் இருக்கும், என்ன செய்வது’ என்று யாராவது கைவிரிக்கும்போதெல்லாம் எனக்கு அவருடைய பணிக்காலம்தான் நினைவுக்கு வருகிறது. அந்தக் காலத்தைப் பற்றியும் அவர் சார்ந்திருந்த துறையைப் பற்றியும் வழக்கமாக எழும் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்தவரை இங்கே விடை எழுதியிருக்கிறேன்.

மரீனா நிட்ஸே அரசுப் பணிக்கு எப்படி வந்தார்?

தேர்வு எழுதிப் படிப்படியாக உயர்ந்து வந்தவர் அல்லர். தொழில் நிறுவனங்களில் வேலை எங்கே தேங்குகிறது, எங்கே வீணாகிறது என்று பார்த்துச் சரிசெய்யும் ஆலோசகராக இருந்தார். அப்போது அவர் பெயர் மரீனா மார்ட்டின். அந்தக் காலத்துச் செய்திகளில் அந்தப் பெயரில்தான் அவரைப் பார்க்கலாம். தொழில்முறைத் திறன் குறித்து ஒரு நூலும் எழுதியிருக்கிறார். ஒபாமா ஆட்சியில் வெளியாட்களை அரசுக்குள் அழைத்து வரும் முயற்சிகள் நடந்தபோது முதலில் கல்வித்துறையிலும் பிறகு வெள்ளை மாளிகையில் தொழில்நுட்ப ஆலோசகராகவும் பணியாற்றினார். 2013 இல் படைவீரர் நலத்துறைக்கு வந்தார். அவருக்கு முன் அந்தப் பதவியில் இருந்தவர் பீட்டர் லெவின். நோயாளி தன் மருத்துவப் பதிவுகளை ஒரே சொடுக்கில் இறக்கிக்கொள்ளும் ‘நீலப் பொத்தான்’ திட்டம் லெவின் காலத்தில், 2010 இல் வந்தது.

இந்தத் துறை எவ்வளவு பெரியது?

1930 இல் தனி நிறுவனமாகத் தொடங்கி, 1989 இல் அமைச்சரவைத் தகுதி பெற்ற துறை இது. மருத்துவம், உதவித்தொகைகள், கல்லறைகள் என்று மூன்று பெரும் பிரிவுகள் உண்டு. நாடெங்கும் சொந்த மருத்துவமனைகளை நடத்துகிறது; மருத்துவ வசதிக்காக ஏறத்தாழ 90 லட்சம் பேர் பதிவு செய்திருக்கிறார்கள். படையில் ஏற்பட்ட காயத்துக்கும் நோய்க்கும் மாத உதவித்தொகை, கல்லூரிக் கட்டணம், வீட்டுக் கடனுக்கு உத்தரவாதம், இறந்தபின் அடக்கம் செய்ய இடம் வரை எல்லாம் இந்தத் துறை வழியாகத்தான் நடக்க வேண்டும். ஒருவர் சீருடையைக் கழற்றிய நாளிலிருந்து மண்ணுக்குள் போகும் நாள் வரை இந்தத் துறையோடு கடிதப் போக்குவரத்து வைத்திருக்க நேரிடும்.

தலைமைத் தொழில்நுட்ப அதிகாரி என்றால் கணினிப் பிரிவு முழுவதும் அவர் கையில் இருந்ததா?

இல்லை. இதைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ஆண்டுக்குச் சுமார் 400 கோடி டாலர் தகவல் தொழில்நுட்ப நிதியும் ஆயிரக்கணக்கான ஊழியர்களும் தலைமைத் தகவல் அதிகாரியின் பொறுப்பில் இருந்தார்கள். தொழில்நுட்ப அதிகாரிக்குச் சிறிய அலுவலகம்தான். ஆணையிட்டு நடத்தும் இடத்தில் அவர் இல்லை. பிறரை இணங்கவைத்து நடத்த வேண்டிய இடத்தில் இருந்தார். பின்னால் அவர் செய்ததையெல்லாம் இதை மனத்தில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும்.

அவர் வந்தபோது துறையின் நிலை என்ன?

மிக மோசம். உதவித்தொகைக் கோரிக்கைகளில் 125 நாட்களைத் தாண்டியும் முடிவு தெரியாமல் கிடந்தவை 2013 மார்ச்சில் 6,11,000. தேக்கம் அதற்குமேல் ஏறியதில்லை என்று அப்போது சொன்னார்கள். வட கரோலினா மாநிலத்தின் வின்ஸ்டன்-சேலம் அலுவலகத்தில் சுமார் 37,000 கோப்புகள் பீரோக்களுக்கு மேல் அடுக்கப்பட்டிருந்தன. அந்தக் காகித எடையைக் கட்டடம் தாங்குமா என்ற கவலையைத் துறையின் தணிக்கைத் தலைவரே 2012 இல் தம் அறிக்கையில் எழுதினார்.

இந்தத் தேக்கத்துக்குச் சோம்பேறித்தனம் காரணம் என்று சொல்வது எளிது. ஆனால் அது உண்மையில்லை. இராக், ஆப்கானிஸ்தான் போர்களிலிருந்து திரும்பியவர்கள் ஒருபுறம். வியட்நாம் காட்டில் தெளிக்கப்பட்ட ஏஜென்ட் ஆரஞ்சு நஞ்சினால் வந்ததாகக் கருதப்படும் நோய்களின் பட்டியலில் இதய நோய், பார்கின்சன், சில இரத்தப் புற்றுநோய்கள் ஆகியவற்றை 2010 இல் சேர்த்தார்கள். சேர்த்தது நியாயமான முடிவு. அதனால் முதியவர்களின் கோரிக்கைகள் வெள்ளம்போல வந்தன. ஒவ்வொரு கோரிக்கைக்கும் பழைய பணிப்பதிவைத் தேட வேண்டும். செயின்ட் லூயிஸ் நகரின் ஆவணக் காப்பகத்தில் 1973 ஜூலையில் பிடித்த தீயில் 1.6 கோடி முதல் 1.8 கோடி வரையிலான படைவீரர்களின் கோப்புகள் அழிந்துவிட்டன. 1912 க்கும் 1960 க்கும் இடையில் தரைப்படையிலிருந்து விலகியவர்களின் பதிவுகளில் ஐந்தில் நான்கு பங்கு சாம்பல். எண்பது வயதுக் கிழவர் ஒருவர், தாம் போரில் இருந்ததற்குத் தாமே சான்று திரட்ட வேண்டிய நிலை அதனால் வந்தது.

காகிதமற்ற கோரிக்கை மென்பொருள் 2013 ஜூனுக்குள் 56 வட்டார அலுவலகங்களுக்கும் போய்ச் சேர்ந்தது. ஊழியர்கள் கட்டாயக் கூடுதல் நேரம் உழைத்தார்கள். 2015 ஆகஸ்டில் தேக்கம் ஒரு லட்சத்துக்குக் கீழே இறங்கியது. அதில் பெரும் பங்கு அந்த எழுத்தர்களுடையது என்பதைச் சொல்லாமல் விடக் கூடாது.

2014 இல் நடந்த முறைகேடு என்ன?

அரிசோனாவின் ஃபீனிக்ஸ் மருத்துவமனையில் நோயாளிகள் எத்தனை நாள் காத்திருக்கிறார்கள் என்பதை மறைக்கக் கணக்கை மாற்றி எழுதியது வெளியே வந்தது. வேறு பல ஊர்களிலும் அப்படியே நடந்திருந்தது. துறைச் செயலர் எரிக் ஷின்செகி மே 30 அன்று பதவி விலகினார். ஜூலையில் அந்த இடத்துக்கு வந்த ராபர்ட் மெக்டொனால்ட், ப்ராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தை நடத்தியவர். வெஸ்ட் பாயிண்ட் படைக்கல்லூரியில் படித்தவர். வாடிக்கையாளர் என்ன அனுபவிக்கிறார் என்று கேட்கும் பழக்கம் அவருக்கு இருந்தது. நிட்ஸேயின் வேலைக்கு அந்தப் பழக்கம் பெரிய துணையாக அமைந்தது.

டிஜிட்டல் சேவை அணி எப்படி உருவானது?

2013 அக்டோபர் 1 அன்று தொடங்கிய அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீட்டு இணையதளம் முதல் நாளே முடங்கியது. மீட்க வந்த பொறியாளர்கள் சிலரைக் கொண்டு 2014 ஆகஸ்டில் வெள்ளை மாளிகை ‘அமெரிக்க டிஜிட்டல் சேவை’ என்ற அமைப்பைத் தொடங்கியது. முதல் தலைவர் கூகுளிலிருந்து வந்த மைக்கி டிக்கர்சன். பதின்மூன்று வழிகாட்டு நெறிகளை எழுதி வெளியிட்டார்கள். முதல் நெறி, மக்களுக்கு என்ன தேவை என்பதைப் புரிந்துகொள் என்பது. ஒரு துறைக்குள்ளேயே இருந்து வேலை செய்யும் முதல் டிஜிட்டல் அணி நிட்ஸேயின் துறையில் அமைந்தது. பொறியாளர்களும் வடிவமைப்பாளர்களும் குறிப்பிட்ட சில ஆண்டுகளுக்கு மட்டும் அரசுப் பணிக்கு வருவார்கள். வெளியே வாங்கியதைவிடக் குறைந்த சம்பளம்.

தலைப்பில் உள்ள திறக்காத படிவத்தின் கதை என்ன? விரிவாகச் சொல்ல முடியுமா?

நிச்சயமாக. மருத்துவ வசதிக்கு விண்ணப்பிக்கும் படிவத்தின் பெயர் ‘10-10ஈஸி’. அது இணையத்தில் ஏற்கெனவே இருந்தது. துறையின் கணக்குப்படி, இணையவழி விண்ணப்பம் என்ற வேலை முடிந்துவிட்டது. ஆனால் விண்ணப்பிப்பவர்களில் இணையம் வழியே வந்தவர்கள் பத்து சதவீதத்துக்கும் குறைவு. மற்றவர்கள் காகிதத்தில் எழுதித் தபாலில் அனுப்பினார்கள், அல்லது நேரில் போய் நின்றார்கள். முதியவர்களுக்குக் கணினி வராது, அதனால்தான் இப்படி என்று ஒரு விளக்கம் எல்லோர் வாயிலும் இருந்தது.

உண்மையான காரணம் வேறு. அந்தப் படிவம் பழைய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் உலாவியும் அடோபி ரீடரின் குறிப்பிட்ட பதிப்பும் சேர்ந்து இருந்தால்தான் திறக்கும். வீட்டுக் கணினியிலோ நூலகத்திலோ கைபேசியிலோ திறந்தால் படிவம் வராது, பிழைச் செய்திதான் வரும். துறை அலுவலகங்களில் இருந்த கணினிகளில் அந்தப் பழைய உலாவியும் அந்தப் பதிப்பும்தான் போட்டிருந்தார்கள். அதனால் அதிகாரிகள் யார் திறந்து பார்த்தாலும் படிவம் பளிச்சென்று வந்தது. புகார் சொன்னவரிடம் ‘எங்களுக்கு வேலை செய்கிறதே’ என்று மனசாட்சியோடுதான் பதில் சொன்னார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. நாடு முழுவதும் கதவு பூட்டியிருந்தது. சாவி வைத்திருந்தவர்களுக்கு மட்டும் அது பூட்டிய கதவாகத் தெரியவில்லை.

டிஜிட்டல் அணியினர் அறிக்கை எழுதவில்லை. முன்னாள் படைவீரர் ஒருவரை உட்காரவைத்து, அவர் விண்ணப்பிக்க முயல்வதை அப்படியே காணொளியாக எடுத்தார்கள். மருத்துவ உதவி உண்மையிலேயே தேவைப்பட்டவர் அவர். கணினி தெரிந்தவர். படிவம் திறக்கவில்லை. திரும்ப முயல்கிறார், மறுபடியும் திறக்கவில்லை. பிறகு அணி செய்துவைத்திருந்த மாதிரிப் படிவத்தை அதே மனிதரிடம் கொடுத்தார்கள். சாதாரண இணையப் பக்கம், ஒவ்வொரு கேள்வியாக வரும். தடங்கல் இல்லாமல் முடித்தார். அந்தக் காணொளியைத் துறையின் உயர் அதிகாரிகளுக்குப் போட்டுக் காட்டினார்கள்.

அதற்குப் பிறகு புதிய படிவத்துக்கு வழிவிட வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. 2016 கோடையில் அது மக்களின் பயன்பாட்டுக்கு வந்தது. இணையவழி விண்ணப்பங்கள் பாதிக்கு மேல் ஏறின. முதியவர்களுக்குக் கணினி வராது என்ற பேச்சு அத்தோடு நின்றது.

இந்தக் கதையில் தொழில்நுட்பம் மிகக் குறைவு என்பதைக் கவனியுங்கள். எந்தப் பொறியியல் மாணவரும் அந்தப் படிவத்தைச் செய்துவிடுவார். தடையாக இருந்தது, முடிவெடுப்பவர்களின் மேசைக்கும் விண்ணப்பிப்பவரின் மேசைக்கும் இடையில் இருந்த தூரம்தான். நிட்ஸேயின் திறமை அந்தத் தூரத்தை ஒரு காணொளியின் நீளத்துக்குக் குறைக்கத் தெரிந்ததில் இருந்தது என்பேன்.

விண்ணப்பம் தாமதமானால் என்ன ஆகிவிடும்? வேறு மருத்துவமனைக்குப் போகலாமே?

காப்பீடு இல்லாதவருக்கு அமெரிக்காவில் வேறு மருத்துவமனை என்பது கடன் என்று பொருள். 2015 செப்டம்பரில் தணிக்கைத் தலைவர் வெளியிட்ட அறிக்கையைப் பாருங்கள். மருத்துவப் பதிவு முறையில் முடிவு காணாமல் கிடந்த பதிவுகள் சுமார் 8,67,000. அவற்றில் சுமார் 3,07,000 பேர் ஏற்கெனவே இறந்துவிட்டவர்கள். அவர்களில் சிலர் பல ஆண்டுகளுக்கு முன்பே இறந்தவர்கள். எல்லாப் பதிவுகளும் உண்மையான விண்ணப்பங்கள்தானா என்பதைக்கூடத் துறையின் தரவைக் கொண்டு சொல்ல முடியவில்லை. ஆகவே மூன்று லட்சம் பேர் காத்திருந்தே செத்தார்கள் என்று சிலர் எழுதுவது சரியல்ல. ஆனால் யார் காத்திருக்கிறார், யார் உயிரோடு இருக்கிறார் என்றே தெரியாத ஒரு பதிவேட்டை நம்பி நோயாளிகள் இருந்தார்கள் என்பது உண்மை. எனக்கு அதுவே போதுமான அளவு வலிக்கிறது.

பயனர்களிடம் பேசவே அரசு அனுமதி வேண்டும் என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. காகிதச் சுமையைக் குறைக்க 1980 இல் வந்த சட்டம் ஒன்று, பத்துப் பேரிடமோ அதற்கு மேற்பட்டவர்களிடமோ ஒரே மாதிரியான கேள்விகளைக் கேட்பதற்கு முன் வெள்ளை மாளிகையின் வரவுசெலவு அலுவலகத்தில் ஒப்புதல் பெறச் சொல்கிறது. அதற்கு மாதக்கணக்கில் ஆகும். அதனால் மக்களிடம் எதையும் கேட்கவே கூடாது என்று பல அலுவலகங்களில் முடிவு கட்டிவிட்டார்கள். விதியை எடுத்து வாசித்தால், ஒருவர் படிவத்தை நிரப்புவதை அருகில் இருந்து பார்ப்பது அந்தத் தடைக்குள் வராது. விதி என்று சொல்லப்படுவது ஒன்று, விதியில் எழுதியிருப்பது வேறொன்று. ‘எந்தப் பிரிவில், எந்த வரியில்?’ என்று கேட்டுப் போய் வாசிக்கும் பொறுமை உள்ளவருக்கே அரசுக்குள் வழி திறக்கிறது. சீர்திருத்தக்காரர் என்றால் விதியை உடைப்பவர் என்று ஒரு படிமம் இருக்கிறது. இங்கே அந்தப் பெயர் விதியை மற்றவர்களைவிட ஒழுங்காகப் படித்தவருக்குத்தான் பொருந்தும்.

வெட்ஸ்.கவ் என்ற தளம் இப்போது ஏன் இல்லை?

நல்ல காரணத்தால்தான். துறைக்கு நூற்றுக்கணக்கான இணையதளங்கள் இருந்தன; வெவ்வேறு கடவுச்சொற்கள், வெவ்வேறு தொலைபேசி எண்கள். ஒருவர் கல்வி உதவிக்கு ஓரிடம், மருந்துக்கு ஓரிடம் என்று அலைய வேண்டும். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்க்கும் முயற்சியாக 2015 நவம்பர் 11 அன்று, படைவீரர் நாளில், வெட்ஸ்.கவ் தொடங்கியது. பழைய தளங்களோடு மோதாமல் பக்கத்திலேயே புதிதாகக் கட்டி, ஒவ்வொரு சேவையாக நகர்த்தினார்கள். நிரலை எல்லோரும் பார்க்கும்படி கிட்ஹப் என்ற நிரல் பகிர்வுத் தளத்தில் வைத்தார்கள். 2018 நவம்பரில் அந்தப் புதிய வீடே துறையின் முதன்மைத் தளமான விஏ.கவ் ஆனது. வெட்ஸ்.கவ் என்ற பெயர் மறைந்தது, அதன் உடல் அங்கேதான் இருக்கிறது.

மேல்முறையீடுகள் விஷயத்தில் என்ன செய்தார்கள்?

கோரிக்கை மறுக்கப்பட்டால் மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போகலாம். ஆண்டுக்கணக்கில் ஆகும். அங்கே வழக்குகளைப் பின்தொடர்ந்த மென்பொருள் மிகப் பழையது. ஒரு வழக்கை வாரியத்துக்கு அனுப்பும் முன், இரண்டு வெவ்வேறு கணினி முறைகளில் உள்ள ஆவணங்களும் தேதிகளும் ஒத்துப்போகின்றனவா என்று ஊழியர் கையால் சரிபார்க்க வேண்டும். டிஜிட்டல் அணி ‘கேஸ்ஃப்ளோ’ என்ற மென்பொருளை அந்த ஒரு படியிலிருந்து தொடங்கியது. மொத்தத்தையும் ஒரே நாளில் மாற்றப் போகவில்லை. 2017 ஆகஸ்டில் மேல்முறையீட்டுச் சீர்திருத்தச் சட்டம் வந்து, மூன்று வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் முறை 2019 பிப்ரவரி 19 முதல் நடைமுறைக்கு வந்தபோது அந்த மென்பொருள் கையில் இருந்தது.

இதெல்லாம் அவர் ஒருவரின் சாதனையா?

அல்ல. காணொளியை எடுத்தவர்கள், நிரல் எழுதியவர்கள், செயலர் மெக்டொனால்ட், 2015 முதல் தகவல் அதிகாரியாக இருந்த லாவெர்ன் கவுன்சில், துறைக்குள்ளேயே பல ஆண்டுகளாகச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போயிருந்த ஊழியர்கள் என்று பலர் இருக்கிறார்கள். வெளியிலிருந்து வந்தவர்களைப் பற்றி எழுதும்போது கடைசியாகச் சொன்னவர்களை மறந்துவிடுகிறோம். எந்த இடத்தில் பிழை என்பது பெரும்பாலும் அவர்களுக்குத்தான் முதலில் தெரிந்திருந்தது.

விமர்சனங்கள் உண்டா?

உண்டு. குறுகிய காலத்துக்கு வருபவர்கள் போனதும் அறிவும் போய்விடும் என்ற அச்சம் நியாயமானது. படிவத்தை அழகாக்கினாலும் பின்னால் ஓடும் பழைய அமைப்புகள் அப்படியே இருந்தன. 1970களின் இறுதியில் துறையின் மருத்துவர்களும் நிரலாளர்களும் சேர்ந்து உருவாக்கிய ‘விஸ்டா’ மருத்துவப் பதிவு முறையை மாற்றும் பெரும் ஒப்பந்தம் 2018 இல், நிட்ஸே விலகிய பிறகு, கையெழுத்தானது. 2020 இல் ஸ்போகேன் நகரில் தொடங்கி, சிக்கல்கள் அடுக்கடுக்காக வந்து, 2023 ஏப்ரலில் புதிய இடங்களுக்கு விரிவாக்குவதை நிறுத்திவைத்தார்கள். சிறிதாகத் தொடங்கி வளர்ப்பதற்கும் மொத்தமாக வாங்கி இறக்குவதற்கும் உள்ள வேறுபாட்டை ஒரே துறைக்குள் பார்க்க இதைவிட வேறு சான்று வேண்டாம்.

அவர் போனபின் வேலை நின்றுவிட்டதா?

நிற்கவில்லை. டிஜிட்டல் சேவையைத் தொடங்கியவர்களில் ஒருவரான சார்ல்ஸ் வொர்திங்டன் 2017 இல் பொறுப்பேற்று, ஆட்சி மாறியும் தொடர்ந்தார். தள இணைப்பு அவர் காலத்தில்தான் நடந்தது. 2021 இல் கைபேசிச் செயலி வந்தது.

அமெரிக்க டிஜிட்டல் சேவை இப்போதும் இருக்கிறதா?

அந்தப் பெயரில் இல்லை. 2025 ஜனவரி 20 அன்று குடியரசுத் தலைவர் ஆணை ஒன்றின் மூலம் அது டாஜ் (அரசுச் செயல்திறன் முயற்சியின் சுருக்கப் பெயர்) அமைப்பாகப் பெயர் மாற்றப்பட்டது.

நிட்ஸே பிறகு என்ன செய்தார்?

வளர்ப்புக் குடும்பங்களில் வாழும் குழந்தைகள் பக்கம் போனார். ஒரு குழந்தையை ஏற்க முன்வரும் அத்தையோ பாட்டியோ எத்தனை படிவம் நிரப்ப வேண்டும், உரிமம் கிடைக்க ஏன் மாதக்கணக்கில் ஆகிறது என்று பல மாநிலங்களின் அதிகாரிகளோடு உட்கார்ந்து வேலை செய்தார். நெருக்கடியில் சிக்கிய கணினி அமைப்புகளை மீட்கும் ‘லேயர் அலெஃப்’ நிறுவனத்தில் டிக்கர்சனோடு சேர்ந்தார். 2020 இல் கொரோனா காலத்து வேலையில்லாதோர் உதவித்தொகைக் கோரிக்கைகள் கலிஃபோர்னியாவில் மலையாகக் குவிந்தபோது மீட்புப் பணியில் அவரும் இருந்தார். அரசுக்குள் மாற்றம் கொண்டுவருவது பற்றி ஒபாமா ஆட்சியில் வெள்ளை மாளிகைத் தொழில்நுட்பப் பொறுப்பில் இருந்த நிக் சினாயுடன் சேர்ந்து 2022 இல் ஒரு நூல் எழுதினார்.

அமெரிக்கப் படையில் பணியாற்றிய உறவினர் இருக்கிறார். இன்று எப்படி விண்ணப்பிக்க வேண்டும்?

விஏ.கவ் தளத்தில் நேரடியாக விண்ணப்பிக்கலாம். கைபேசியிலும் படிவம் திறக்கும். சமூகப் பாதுகாப்பு எண்ணும், டிடி-214 எனப்படும் பணிவிடுப்புச் சான்றும் கையில் இருந்தால் வேலை எளிது. சான்று தொலைந்திருந்தால் செயின்ட் லூயிஸ் காப்பகத்திடம் கேட்கலாம். உதவித்தொகைக் கோரிக்கைக்குத் துணை வேண்டுமென்றால் அமெரிக்கன் லீஜியன் போன்ற முன்னாள் படைவீரர் அமைப்புகளின் அங்கீகாரம் பெற்ற பிரதிநிதிகளையோ மாவட்டப் படைவீரர் அலுவலரையோ அணுகலாம். அவர்கள் இலவசமாகவே செய்து தருவார்கள். முதல் கோரிக்கையைத் தயாரித்துத் தருவதற்குக் கட்டணம் வாங்கச் சட்டம் யாரையும் அனுமதிக்கவில்லை. யாராவது பணம் கேட்டால், கொடுக்காமல் அங்கிருந்து எழுந்து வந்துவிடச் சொல்லுங்கள்.